சமக்குறிக்கு அர்த்தம் சொன்னவர்

ஆரணியில் எங்கள் பட்டுக்கடைக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுத, கலசப்பாக்கத்திலிருந்து ஒரு பெண் பஸ்ஸில் வருவார். கொண்டையில் பென்சில் செருகியிருப்பார். யோசனை வந்தால் உருவிக் கடிப்பார்.

ஒருநாள், இரண்டு மகன்களுக்கும் ஒரே மேடையில் கல்யாணம் வைத்திருந்த ஓர் அம்மாள், வரப்போகும் மருமகள்களோடு வந்தார். "ரெண்டு பேருக்கும் அச்சு அசலா ஒரே பொடவ வேணும். இல்லன்னா காலத்துக்கும் சண்டதான்."

கம்ப்யூட்டரில் ஜோடி தேடினேன். எந்தப் புடவையும் எதற்கும் சமமில்லை என்றது கம்ப்யூட்டர்.

"என்னாங்க இது, பேஜாரா கீது!" என்றேன், அன்று கடைக்கு வந்திருந்த புரோகிராம் எழுதுபவரிடம்.

"கம்ப்யூட்டருக்கு ஒவ்வொரு பொடவையும் தனித்தனி ஆளுங்க. சமம்னா என்னன்னு நாமதான் சொல்லித்தரணும். எதெது ஒத்துப்போனா உங்களுக்கு ஒண்ணு?"

"உடம்பு கலரு, பார்டரு, முந்தானை."

பென்சிலைக் கடித்துக்கொண்டே, சமக்குறிக்குப் புது அர்த்தம் வைத்து நாலு வரி தட்டினார். மயில்கழுத்து நிறத்தில் ஒரு ஜோடி உடனே கிடைத்தது. விரித்தோம். மணப்பெண்கள் தடவிப் பார்த்தார்கள். இருவர் கைகளும் அந்த இரண்டில் ஒரு புடவையையே பற்றின.

"ரெண்டும் ஒண்ணுதானேடி!" என்று அலறினார் மாமியார்.

புரோகிராம் எழுதியவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் தடவினார். "நானும் இதத்தாங்க எடுப்பேன். ஏன்னு கேக்காதீங்க, எழுத வராது."

கடைசியில் சீட்டுக் குலுக்கித்தான் கொடுத்தோம். அவர் எழுதாமல் விட்ட அந்த ஐந்தாவது வரி என்னவென்று, பட்டைத் தொடும்போதெல்லாம் யோசிக்கிறேன்.