குளிக்காத புலி

வில்லாபுரம் பேருந்தில் எனக்கு முன்னால் நின்ற இளைஞனின் கையில் பச்சை குத்திய புலி. கூட வந்த பெண் அதை விரலால் தடவித் தடவி ரசித்துக்கொண்டிருந்தாள்.

ஏழாம் வகுப்பில் என்னிடமும் ஒரு புலி இருந்தது. பபிள்கம்மோடு வரும் ஸ்டிக்கர். வெள்ளிக்கிழமை எச்சில் தொட்டுக் கையில் ஒட்டினேன். திங்கட்கிழமை வகுப்பில் கூடப் படித்த செல்வி பார்த்து மயங்க வேண்டும். அதுவரை அழியக் கூடாதே என்று அந்த மதுரை வெயிலில் மூன்று நாள் குளிக்கவே இல்லை.

"எருமை, தண்ணியாச்சும் ஊத்துடா!" என்று அம்மா கத்தியும் புலி அசையவில்லை.

திங்களன்று செல்வியின் முகத்தருகே கையை நீட்டினேன். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"புலி நல்லாத்தான் இருக்கு. நீ எம்புட்டு நாளாடா குளிக்கல?"

இப்போது ஐம்பதை நெருங்குகிறேன். தினமும் இரண்டு வேளை குளிக்கிறேன். சோப்பைக்கூட நல்ல வாசனையாகத் தேடி வாங்குகிறேன். மோந்து பார்க்கத்தான் வீட்டில் ஆளில்லை.