ஒற்றை விரல் டாக்டர்

சங்கரன்கோவிலில் எங்கள் குடும்பத்துக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டருக்கு ஒற்றை விரலால்தான் டைப் அடிக்க வரும். ஒல்லியான மனிதர். ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வைத்த புதிதில், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டுவார். வெளியே கூட்டம் முணுமுணுக்கும்.

"முன்னல்லாம் சீட்டுல கிறுக்கித் தந்துருவாரு. இப்ப இந்தப் பெட்டியக் கட்டிக்கிட்டு அழுவுதாரு."

அப்போது ஒருநாள் அப்பாவை முட்டுவலிக்காகக் கூட்டிப்போயிருந்தேன். அப்பா அதிகம் பேசாதவர். டாக்டர் மாத்திரையின் பெயரை அடிக்கத் தொடங்கினார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்பா மேஜையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்.

"கொஞ்ச நாளா ஒண்ணுக்குல ரத்தம் வருது சார்."

நான் சட்டென்று அப்பா பக்கம் திரும்பினேன். டாக்டர் திரையிலிருந்து தலையைத் திருப்பவில்லை.

"வலி இருக்கா அண்ணாச்சி?"

"இல்ல. அதான் யாருட்டயும் சொல்லல."

"சொல்லுங்க, அடிச்சிக்கிட்டே கேக்கேன்."

அப்பா எல்லாவற்றையும் சொன்னார். திருநெல்வேலியில் ஆபரேஷன் நடந்தது. சிறுநீர்ப்பையில் இருந்த கட்டியைச் சின்னதாக இருக்கும்போதே எடுத்துவிட்டார்கள். அப்பா இன்றும் தோட்டத்துக்குப் போய்வருகிறார்.

இப்போது டைப் அடிக்க டாக்டர் பக்கத்தில் ஒரு பெண் இருக்கிறாள். அவர் சொல்லி முடிப்பதற்குள் சீட்டு அச்சாகிவிடுகிறது. போன வாரம் நான் காய்ச்சலுக்குப் போனேன். சில மாதங்களாகத் தூக்கம் வராமல் கிடப்பதையும் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தேன். டாக்டர் வேலையெல்லாம் முடித்து, கைகட்டி, என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"வேற எதுவும் செய்யுதா?"

"ஒண்ணும் இல்ல சார்" என்று சொல்லி எழுந்துவந்துவிட்டேன்.