ரேடியோ அடங்கிய திசை

எண்பதுகளின் தொடக்கத்தில் பெருநகர் என்ற கிராமத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். கடை என்பது பெரிய சொல். பஸ் நிற்கும் இடத்தில் ஒற்றை அறை, அதுவும் ஊர்ப் பண்ணைக்காரர் ஒருவருடையது. நான் சரிசெய்து கொடுத்த அவருடைய ரேடியோ, வயலோரம் இருந்த அவர் வீட்டுக்குப் போனதும் கொரகொரவென்று கத்தியது.

"என் ரேடியோவயே கெடுத்துட்டு, என் எடத்துலயே கடை வச்சிக்கினு கீறியா? வெள்ளிக்கெழமைக்குள்ள சரியாவல, சாவிய குடுத்துட்டு நடையக் கட்டு."

எனக்கு வேறு தொழில் தெரியாது. கல்யாணமாகி ஆறு மாதம். அந்தச் சாவி போனால் அடுப்பு எரியாது.

அதே ரேடியோ கடையில் சுத்தமாகப் பாடியது. ஆகவே கோளாறு வெளியில்தான். என் சின்ன டிரான்சிஸ்டரை எடுத்துக்கொண்டு அவர் வயலுக்குப் போய்த் திருப்பிப் பார்த்தேன். அதிகமாகக் கத்தியபோது பெட்டியின் முனை அவருடைய பம்புசெட்டைக் காட்டியது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. நடவு ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும், "உங்க மோட்டார்தான் ஐயா காரணம்" என்று சத்தம் போட்டேன். அவர் போய் மோட்டாரை நிறுத்தினார். டிரான்சிஸ்டர் கத்திக்கொண்டே இருந்தது. ஆட்கள் சிரித்தார்கள்.

மதகின் மேல் போய் உட்கார்ந்துவிட்டேன். கஞ்சி குடிக்க வந்த நடவுக்காரப் பெண்களில் ஒருவர் என் பக்கம் வந்தார்.

"இன்னா தம்பி, அத்தத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கினு கீற?"

"உனக்கு இன்னா தெரியும்? போய் நாத்த நடு" என்று எரிந்து விழுந்தேன். அவர் கோபிக்கவில்லை.

"எங்க ரேடியோவும் நாலு நாளா கத்துது தம்பி. மூஞ்சிய அந்தப் பக்கம் காட்டினா கத்துது, ஒருக்களிச்சி வச்சா அடங்கிப் போவுது. அடங்குறாப்பல வச்சிதான் நாங்க பாட்டு கேக்குறோம்."

எனக்குச் சுரீர் என்றது. பெட்டிக்குள் நீளவாக்கில் ஒரு கரிய குச்சி இருக்கும், அதுதான் அலையைப் பிடிப்பது. அதன் முனை சத்தம் பிறக்கும் இடத்தை நேராகப் பார்த்தால் ரேடியோ அடங்கிவிடும். தினமும் அதைக் கழற்றி மாட்டுகிறவன் நான். கத்தும்போது முனை காட்டிய பக்கம் போய் ஒரு மனிதர் மேல் பழி போட்டிருக்கிறேன்!

அந்த அக்கா கஞ்சியை வைத்துவிட்டு என்னோடு வந்தார். ஏரிக்கரையில் நின்று, சத்தம் அடங்கியபோது முனை காட்டிய திசையைக் குறித்துக்கொண்டோம். பிறகு களத்து மேட்டிலிருந்து இன்னொரு முறை. இரண்டு கோடும் வாய்க்காலோரத்துக் கரண்டு கம்பத்தில் போய்ச் சேர்ந்தன. அருகே போகப் போக டிரான்சிஸ்டர் அலறியது. மறுநாள் லைன்மேன் ஏறிப் பார்த்தார். கம்பியைத் தாங்கும் பீங்கான் விரிசல் விட்டுப் பொறி அடித்துக்கொண்டிருந்தது. அதை மாற்றியதும் பண்ணைக்காரர் வீட்டு ரேடியோ தெளிந்தது.

"மெக்கானிக்குன்னா இவன்தான்யா!" என்றார் அவர், ஊர் கேட்க.

"நான் இல்லீங்க ஐயா, கண்டுபுடிச்சது அந்த அக்கா" என்றேன். தன்னடக்கம் என்று நினைத்துச் சிரித்தாரே தவிர, நம்பவில்லை. வேறு யாரும் நம்பவில்லை.

யாரும் நம்பாததை அந்த அக்காவிடம் போய்ச் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். "அத்த வுடு தம்பி, கடை கீதுல்ல?" என்றார்.

இருந்தது. பிள்ளைகள் படித்துத் தலையெடுக்கும் வரை இருந்தது. நாங்கள் சாப்பிட்ட சோறு அந்த அக்கா போட்டது.