அட்டைப்பெட்டிக்குள் ஓர் ஆலா

என் கண்ணுங்களா, போன வாரம் பள்ளிக்கூடத்து ஓவியப் போட்டிக்காக நீங்கள் இரண்டு பேரும் கடல் வரைந்தீர்கள். நீலத்தில் தண்ணீர், அதன்மேல் நம் ஆட்கள் போட்டு என்று சொல்கிற படகு, வானத்தில் கறுப்புப் பேனாவால் ஐந்தாறு வளைவுகள். அது என்ன பறவை என்று கேட்டேன். "சும்மா பறவைப்பா" என்றாள் சின்னவள். படம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சும்மா பறவை என்று ஒன்று கடலில் கிடையாது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்தில் தப்பு இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும்.

இப்போது நாம் லாஸ்பேட்டையில், கடலைவிட்டுத் தள்ளி இருக்கிறோம். எனக்குப் பத்து வயதில் எங்கள் வீடு குப்பத்தில் இருந்தது. கடலிலிருந்து கூப்பிடு தூரம். என் அப்பாவுக்கு, அதாவது உங்கள் தாத்தாவுக்கு, சொந்தமாக ஒரு பைபர் போட்டு உண்டு. போட்டு இருந்தால் மட்டும் போதாது, ஒற்றை ஆளாக வலையை இழுக்க முடியாது. அப்பாவோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் அந்தத் தை மாதம் கேரளாவுக்குக் கிளம்பிவிட்டார். அங்கே பெரிய போட்டுகளில் ஆளுக்கு வேலை இருந்தது. அடுத்தது அப்பாவும் போவதாகப் பேச்சு. போனால் ஆடியில்தான் திரும்புவார்.

"பாடு இல்ல, ஆளும் இல்ல. இங்க உக்காந்துக்கினு இன்னா பண்றது?" என்று அப்பா அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. பாடு என்றால் வலையில் விழுகிற மீன். அப்பா சொன்ன இரண்டில் 'பாடு இல்ல' என்பது மட்டும்தான் என் காதில் தங்கியது. 'ஆளும் இல்ல' என்பதை விட்டுவிட்டேன்.

பாடு ஏன் இல்லை என்பது குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். பெரிய விசைப்படகுகள் மடிவலையைப் போட்டுக் கடலின் அடித்தரையோடு வாரிக்கொண்டு போயின. சின்ன மீன், குஞ்சு, முட்டையோடு இருக்கிற தாய் மீன் எல்லாம் ஒரே மடியில். ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்: அப்பாவுக்கு மீன் கிடைக்காத நாளில் அம்மா துறைமுகத்துக்குப் போய் அந்தப் போட்டுகளின் மீனைத்தான் ஏலத்தில் எடுத்து, பெரிய மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்றாள். நான் தின்ற சோற்றில் அந்த மீனும் இருந்தது.

அதுமட்டுமல்ல. என் மாமா, அம்மாவுக்குத் தம்பி, அப்படி ஒரு பெரிய போட்டில்தான் வேலை செய்தார். பொங்கலுக்கு வரும்போதெல்லாம் உங்கள் கன்னத்தைக் கிள்ளிச் சிவக்க வைப்பாரே, அவர்தான். அந்தத் தைக்கு முந்தின ஐப்பசியில் அவருடைய போட்டு, அப்பா விரித்து வைத்திருந்த வலையின்மேல் ஏறிப் போய்விட்டது. வலை கந்தல். மாமா அப்போது விழித்திருந்தாரா, தூங்கிக்கொண்டிருந்தாரா என்று அப்பா கேட்கவில்லை. மாமாவும் சொல்லவில்லை. இரண்டு தெரு தள்ளி இருந்தவர் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

இனி ஆலா என்கிற கடற்பறவைக்கு வருகிறேன். காக்கையைவிட உடம்பு ஒல்லி. வெள்ளை வெளேர் என்று இருக்கும். தலையில் மட்டும் எண்ணெய் தடவிப் படிய வாரிய மாதிரி கறுப்பு. மஞ்சள் அலகு. விடிந்ததும் எங்கள் ஆண்கள் மணலில் நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கடலைப் பார்ப்பார்கள். ஆலா எங்கே கூட்டமாகச் சுற்றுகிறது, எங்கே தலைகீழாக விழுந்து எழுகிறது என்று தேடுவார்கள். பொடி மீன் மேலே வந்தால் அதற்குக் கீழே பெரிய மீன் துரத்துகிறது என்று அர்த்தம். "ஆலா விழுதுடா!" என்று ஒருவர் கத்தினால் போதும், போட்டுகள் எல்லாம் ஒரே திசையில் ஓடும். எங்கள் அம்மாவுக்கும் அது உதவும். தட்டு வருவதற்குள் நான் அவசரப்பட்டால், "சோத்துக்கு ஏன்டா ஆலாப் பறக்குற?" என்பாள்.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்த நான் ஒரு கணக்குப் போட்டேன். ஆலா கூடுகிற இடத்தில் மீன் வருகிறது. அப்படியானால் ஆலாதான் மீனைக் கூப்பிடுகிறது. ஒரு ஆலா நம்மிடமே இருந்தால்? வாத்தியார் அதுவரை என்னைக் கணக்கில் புலி என்று சொன்னதில்லை.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, அலைக்குத் தடுப்பாகக் கொட்டியிருந்த பாறாங்கற்களுக்கு நடுவே வெள்ளையாக ஏதோ துடித்தது. ஆலா. வலது இறக்கையின் மடிப்பில் பெரிய தூண்டில் முள் ஏறியிருந்தது. அதிலிருந்து நீண்ட தங்கூசி, அதாவது நைலான் நரம்பு, கற்களுக்குள் சிக்கிக் கிடந்தது. நரம்பைப் பல்லால் கடித்து அறுத்தேன். ஆலா என் கட்டைவிரலைக் கொத்தியது. இரத்தம் வந்தது, ஆனால் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சட்டையைக் கழற்றி அதைச் சுற்றி எடுத்துக்கொண்டேன்.

எங்கள் தெரு முனையில் ஒரு சொல்தா வீடு இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர்களை இங்கே சொல்தா என்போம். அந்த வீட்டில் வெளியே போட்டிருந்த பாட்டில் வைக்கிற அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து, ஓட்டை போட்டு, ஆலாவை உள்ளே வைத்து, வீட்டுக்குப் பின்னால் பழைய வலைக்குவியலுக்கு அடியில் ஒளித்தேன். அம்மா வாங்கி வைத்த நெத்திலியில் தினமும் ஒரு கைப்பிடி அதற்கு. முள்ளைப் பற்றி நான் கவலைப்படவில்லை. காலில் முள் ஏறினால் நாங்களும்தான் நடக்கிறோம் என்று நினைத்தேன்.

முதல் நாள் இரண்டு மீன் தின்றது. இரண்டாம் நாள் ஒன்று. மூன்றாம் நாள் அலகைத் திறக்கவே இல்லை. இறக்கையைச் சுற்றி வீங்கியிருந்தது. ஒரு மாதிரி வாடை அடித்தது. அப்பா கேரளாவுக்குப் போகும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இது செத்துவிட்டால் அப்பா போய்விடுவார், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் குந்தி, "தின்னுடா, தின்னுடா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தபோது பின்னால் அம்மா வந்து நின்றாள்.

"நெத்திலி கொறையுதே, பூனைன்னு நெனச்சேன். பூனை நிக்கர் போட்டுக்கினு இங்க குந்தினு இருக்குது பாரு!"

அடி விழும் என்று நினைத்தேன். அம்மா பெட்டிக்குள் பார்த்தாள், அப்பாவைக் கூப்பிட்டாள். அப்பா ஆலாவைத் தூக்கி இறக்கையை விரித்துப் பார்த்தார். "முள்ளு வாய் உள்ள பூந்துடுச்சி. இழுத்தா சதை பிஞ்சிக்கினு வரும்" என்றார். முள்ளின் நுனியில் திரும்பி வராதபடி ஒரு கொக்கி இருக்கும். அதை வெட்டினால்தான் எடுக்க முடியும். எங்கள் வீட்டுக் கத்தி அதற்கு ஆகாது.

அம்மா அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் என்னிடம் சொன்னாள்: "உங்க மாமாகிட்ட கட்டிங் பிளேயர் இருக்குது. போயி கூட்டிக்கினு வா."

அப்பா ஆலாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் ஓடினேன்.

மாமா வந்து வாசலுக்கு வெளியே நின்றார். கையில் பிளேயர், கண் தரையில். உள்ளேயிருந்து அப்பா, "அங்க நின்னுக்கினு எப்படி வெட்டுவ மாப்ள? உள்ள வா" என்றார். அம்மா சும்மா விடவில்லை. "நாலு மாசமா அக்கா வூட்டுக்கு வழி மறந்துபோச்சா? ஒரு பறவை வந்து சொல்ல வேண்டியதா இருக்குது!"

அப்பா ஆலாவின் தலையைத் துண்டால் மூடினார். இருட்டானதும் அது அடங்கிவிட்டது. மாமா முள்ளைப் பின்னால் இழுக்காமல், இன்னும் முன்னால் தள்ளி, நுனியைத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து, அந்தக் கொக்கியைக் கடக்கென்று வெட்டினார். மீதிக் கம்பி வழுக்கிக்கொண்டு வந்தது. அம்மா மஞ்சளைக் குழைத்துப் போட்டாள். மாமா அந்த முள்ளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எங்க போட்டு முள்ளுதான் மச்சான். மடி போடாத நாள்ல நாங்க நீளக் கயிறுல வரிசையா கட்டி வுடுவோமே, அது. இரைக்கு வந்து மாட்டிக்குதுங்க. அப்பப்போ அறுத்து வுட்டுடுவோம்."

அப்பா ஆலாவை மறுபடி பெட்டிக்குள் வைத்தார். பிறகு, "முள்ளுல பேரா எழுதியிருக்குது? தூக்கிப் போடு" என்றார். அப்பாவைப் பற்றி எனக்குப் பிடித்த நினைவுகளில் அந்த ஒரு வரிக்குத்தான் முதலிடம்.

டீ வந்தது. எதற்கடா இதைப் பிடித்து வைத்தாய் என்று மாமா கேட்டார். நான் என் கணக்கைச் சொன்னேன். இதைப் போட்டில் கட்டிக்கொண்டு போனால் மீன் தானாக வரும் என்றேன். மாமா சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறியது. "டேய், மீன் இருக்குற எடத்துக்கு அது போவும்டா. அது இருக்குற எடத்துக்கு மீன் வராது!" அப்பாவும் சிரித்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "மீனு வந்தா அப்பா கேரளாக்குப் போவ வேணாம்ல?" என்றேன்.

மாமா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். என்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாளிலிருந்து ஆலா தின்ன ஆரம்பித்தது. ஐந்தாறு நாளில் வீடு முழுக்க எச்சம். அம்மா பொறுக்க முடியாமல், "இதை வுடுறீங்களா, இல்ல இதோட சேத்து உங்களையும் வுடவா?" என்றாள். மறுநாள் விடியலில் அப்பா என்னையும் ஆலாவையும் போட்டில் ஏற்றினார். கரையில் மாமா நின்றிருந்தார். கேட்காமலேயே போட்டைத் தள்ளிவிட்டு அவரும் ஏறிக்கொண்டார்.

கரை சின்னதானதும் அப்பா என் கையைப் பிடித்துப் பெட்டியைத் திறக்க வைத்தார். ஆலா விளிம்பில் நின்று சிறகை உதறியது. பிறகு எழுந்தது. கொஞ்சம் ஒருபக்கமாகச் சாய்ந்தது, நிமிர்ந்தது, எங்கள் தலைக்குமேல் ஒரு சுற்றுச் சுற்றித் தென்கிழக்கே போனது. "அந்தப் பக்கம்ப்பா! அந்தப் பக்கம் போ!" என்று கத்தினேன். அங்கே வேறு ஆலா ஒன்றுகூட இல்லை. அங்கே மீன் இருக்காது என்று அப்பாவுக்குத் தெரியும். ஆனாலும் போட்டைத் திருப்பினார். அது கண்ணுக்குத் தெரியும்வரை பின்னாலேயே ஓட்டி, அது மறைந்த இடத்தில் வலையை விட்டார்.

வலை கிடந்த நேரத்தில் மாமா பேசினார். பெரிய போட்டில் மடியைத் தூக்கினால் வேண்டாதது எவ்வளவு இருக்கும், எத்தனை ஆமை மூச்சு முட்டிச் செத்து வரும், அதையெல்லாம் வாரிக் கடலில் தள்ளும்போது எப்படி ஆலாவும் கடற்காக்கையும் வந்து மொய்க்கும் என்று சொன்னார். "சாப்பாடு போடுற மாரி கூப்ட்டு முள்ளையும் போடுறோம் மச்சான்" என்றார். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். நான் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு பேருமாக வலையை இழுத்தார்கள். ஒரு கூடையின் அடி மறையும் அளவுக்குக் கவலை என்கிற பொடி மீன், அவ்வளவுதான். எனக்கு அது மலை மாதிரித் தெரிந்தது. திரும்பும்போது மாமா, "நாளைக்கு எத்தினி மணிக்குக் கெளம்பணும் மச்சான்?" என்று கேட்டார். அப்பா இன்ஜின் வேகத்தைக் குறைத்து அவரைத் திரும்பிப் பார்த்தார். "வெளிச்சம் வர்றதுக்கு முன்ன வந்துடு" என்றார். ஏதோ சாதாரணப் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

அப்பா கேரளாவுக்குப் போகவில்லை. அந்த வருஷம் மட்டுமல்ல, எந்த வருஷமும் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் என் ஆலாதான் அப்பாவை நிறுத்தியது என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். அதற்குப் பிறகும் மீன் ஒன்றும் கூடிவிடவில்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை. கூடியது ஓர் ஆள். பெரிய போட்டில் நாள் தவறாத வேலையையும், அடுத்த வருஷம் அவரையே அந்தப் போட்டை ஓட்டச் சொல்வதாக இருந்ததையும் விட்டுவிட்டு, மாமா அப்பாவின் வலைக்கு மறுபக்கம் வந்து நின்றுகொண்டார். இருப்பதை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். எனக்குப் பதினெட்டு வயதானபோது அம்மா போகிறபோக்கில் இதைச் சொன்னாள். மாமா இன்றுவரை சொன்னதில்லை.

இப்போது மீன் குஞ்சு பொரிக்கும் மாதங்களில் பெரிய போட்டுகளைக் கடலுக்கு விடாமல் நிறுத்துகிறார்கள். நல்லது. அதற்கு முன்பே தானாக நின்ற ஓர் ஆள் நம் வீட்டில் இருந்தார் என்பது உங்களுக்குத் தெரியவேண்டும்.

ஆலாவை விட்டுவிட்டுப் போட்டு கரை ஏறிய அன்று சாயங்காலம் மாமா எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து அப்பாவின் வலையில் கிழிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு யாருக்காவது நன்றி சொல்லியே ஆகவேண்டும் போல இருந்தது. அம்மா குழம்புக்கு வைத்திருந்த கவலை மீனில் பெரியதாக ஒன்றை எடுத்துக்கொண்டு, மாமாவின் முதுகுக்குப் பின்னால் சத்தமில்லாமல் நழுவி, தனியாகக் கடற்கரைக்கு ஓடினேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஆலா போன தென்கிழக்கைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, அந்த மீனை என்னால் முடிந்த மட்டும் தூரமாக வீசினேன்.