சுடுதண்ணீர் பற்றி நான் சொன்ன பொய்

நான் ஒரு பொய் சொன்னேன். சின்னப் பொய்தான். ஆனால் அந்தப் பொய்யால் ஒரு தகப்பன், தன் ஒரே மகன் தாலி கட்டுவதைப் பார்க்காமல் போனார்.

அந்தத் தகப்பன் என் சம்பந்தி. பொய் சொன்னவன், பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொல்லிக்கொடுத்தே ஓய்வுபெற்ற ஒரு பாடசாலை அதிபர் — அதாவது, வாராவாரம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் உங்களுடன் வாயடிக்கிற நான்.

என் மகள் வாணி பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது வடக்கே கிளிநொச்சிப் பையன் சுதனை விரும்பினாள். நல்ல பையன். மறுக்க எந்தக் காரணமும் கிடைக்கவில்லை. கல்யாணத்தை எங்கள் ஊரிலேயே வைத்துக்கொண்டோம். எங்கள் ஊர் மலைநாட்டில், அக்கரபத்தனைப் பக்கம். வைத்த மாதம் தை.

தை மாதம் எங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று தெரியுமா? விடியும்போது புல்லெல்லாம் உப்பைக் கொட்டியதுபோல வெள்ளையாகக் கிடக்கும். மாப்பிள்ளை வீட்டார் முதல் நாளே வேனில் வந்து இறங்கினார்கள். இறங்கிய ஒவ்வொருவரும் கையில் கிடைத்ததைப் போர்த்திக்கொண்டார்கள். ஒருவர் வேன் சீட்டின் உறையையே கழற்றிப் போர்த்தியிருந்தார்!

சம்பந்தி வயல் செய்கிறவர். மனைவி இறந்தபின் மகனைத் தனியாக வளர்த்தவர். அன்று மாலை எங்கள் வாசலில் ஊரே கூடியிருந்தது. அவர் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"மாஸ்டர், காலமை குளிக்கக் கொஞ்சம் சுடுதண்ணி கிடைக்குமோ?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'கிடைக்கும்.' அவ்வளவுதான். ஆனால் வாசல் நிறைய ஆட்கள். எல்லோரும் என் வாயைப் பார்க்கிறார்கள். கூட்டத்தைக் கண்டால் எனக்கு நாக்கு சும்மா இருக்காது.

"சுடுதண்ணியா? எங்க ஊர்ல சுடுதண்ணி புள்ள பெத்தவங்களுக்கு மட்டுந்தாங்க சம்பந்தி! நாங்கெல்லாம் விடிஞ்சா நேரா பீலிதான்!"

பீலி என்றால் மலை ஊற்றுத் தண்ணீர் கொட்டுகிற இடம். தை மாதத்தில் அதில் கையை நனைத்தாலே விரல் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஊர் முழுக்கச் சிரித்தது. அவர் மட்டும் "அப்பிடியோ..." என்றார்.

மறுநாள் காலை நான் குளித்தேன். எங்கே? அடுப்படிக்குப் பின்னால், தேயிலைச் செடியில் வெட்டிய மிலாறுக் குச்சியை எரித்துக் காய்ச்சிய சுடுதண்ணீரில், ஆவி பறக்கப் பறக்க. தினமும் அப்படித்தான். பிறந்ததிலிருந்து அப்படித்தான்.

தலையைத் துவட்டிக்கொண்டிருக்கும்போது என் தங்கை மகன் ஓடி வந்தான்.

"மாமா, மாப்பிள்ளையோட அப்பா பீலியில நின்னு குளிக்கிறாருங்க... ஒடம்புலேருந்து புகை வருது!"

நான் போய்ச் சேர்வதற்குள் அவர் குளித்து முடித்துவிட்டார். உதடு நீலம். பேச்சு வரவில்லை. முகூர்த்த நேரத்தில் அவர் என் கட்டிலில், நான்கு கம்பளிக்குள், காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு கிடந்தார். கோயிலிலிருந்து கெட்டிமேளச் சத்தம் மட்டும் அவருக்குக் கேட்டது.

யோசித்துப் பார்க்கிறேன்... மனிதன் தன் ஊர் வெயிலையும் குளிரையும் ஏதோ தானே உழைத்துச் சம்பாதித்த சொத்துப் போலப் பேசுகிறான். "எங்க குளிர் ஒங்களுக்குத் தாங்காது" என்கிறோம். "எங்கட வெயிலில ஒரு மணித்தியாலம் நிண்டு பாருங்கோ" என்கிறார்கள். இதில் யாருக்கு என்ன பெருமை? குளிரை நாங்கள் எங்கே தாங்கினோம்? கம்பளிதானே தாங்கியது!

கல்யாணத்துக்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேலாகச் சம்பந்தி எங்கள் ஊர்ப் பக்கம் வரவில்லை. என்னுடன் பேசவும் இல்லை. சண்டை பிடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் பிடிக்கவில்லை. வாணி போன் எடுக்கும்போதெல்லாம், "மாமா எப்படிம்மா இருக்காரு?" என்று கேட்பேன். "நல்லா இருக்காருப்பா" என்பாள். அதற்கு மேல் ஒன்றும் இருக்காது.

போன சித்திரையில் அவளிடமிருந்து நல்ல சேதி வந்தது. ஐந்து மாதம்! என் மனைவி உடனே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே? எந்த அறை, எந்தத் தொட்டில், யாரிடம் பெருங்காயம் வாங்குவது... எல்லாம் முடிவாகிவிட்டது.

ஒன்றே ஒன்று முடிவாகவில்லை. சம்பந்தி சம்மதிக்கவில்லை.

அவர் சொன்னதை வாணி போனில் அப்படியே சொல்லிக் காட்டினாள்: "பிள்ளைத்தாச்சியை அந்தக் குளிருக்கு அனுப்பேலாது. அங்க சுடுதண்ணி பிள்ளை பெத்தவைக்கு மட்டும்தானாம். பெறுமட்டும் அவள் என்ன செய்யிறது?"

அந்தச் சுடுதண்ணி வசனம் நான் சொன்னதுதானே!

மனைவி என்னைப் பார்த்தாள். "வாய வச்சிக்கிட்டு அன்னைக்குச் சும்மா இருந்திருக்கலாம்ல? போங்க. நீங்களே போயி கால்ல விழுவீங்களோ கையில விழுவீங்களோ... என் புள்ளையக் கூட்டிக்கிட்டு வாங்க."

போனேன். ஸ்வெட்டரோடு ஏறியவன், கண்டியில் அதைக் கழற்றினேன். வவுனியாவில் சட்டையின் மேல் பொத்தானை. கிளிநொச்சியில் இறங்கியபோது இனிக் கழற்ற ஒன்றும் மிச்சமில்லை. யாரோ அடுப்புக் கதவைத் திறந்து முகத்துக்கு நேரே பிடித்ததுபோல ஒரு காற்று.

சம்பந்தி மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் என்னோடு நேரே பேசவில்லை. "தம்பி, மாஸ்டருக்குத் தேத்தண்ணி குடு." "பிள்ளை, மாஸ்டருக்கு ஃபேனைத் திருப்பி விடு." எல்லாம் மகன் வழியாகவும் மருமகள் வழியாகவும்தான். மாஸ்டர்... சம்பந்தி இல்லை.

அன்று மாலை இன்னொரு கூத்து. பொழுது சாய்ந்தது. எல்லோரும் வெளியே வேப்பமரத்தடியில். நான் முகம் கழுவ உள்ளே போனவன், வழியில் இருந்த ஜன்னல்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சாத்தி, கொண்டி போட்டுவிட்டு, பின்கதவையும் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். சாப்பிட உள்ளே போனால் வீடு சூளையாகக் கொதிக்கிறது!

"ஆர் உந்த யன்னல் எல்லாம் பூட்டினது?" என்றான் சுதன்.

"நான்தான் தம்பி... பொழுது போனா பனி உள்ள வந்துடுமே..."

"பனியோ? இஞ்சயோ? சித்திரையிலயோ?"

வாணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மலையில் வாழ்கிறவனின் கை அது. ஆறு மணி ஆனால் அதுவாகவே ஜன்னலைத் தேடிப் போகும். சம்பந்தி எழுந்து போய் ஒவ்வொன்றாகத் திறந்தார். சிரித்தாரா? தெரியவில்லை. எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது.

மறுநாள் மத்தியானம். வியர்வையில் ஊறிப்போய், ஜில்லென்று ஒரு குளியல் போடலாம் என்று குளியலறைக்குள் நுழைந்து பைப்பை முழுதாகத் திறந்து தலையைக் கொடுத்தேன்.

"ஐயோ! அம்மா!"

கூரைமேல் இருந்த தண்ணீர்த் தொட்டி காலையிலிருந்து வெயில் குடித்திருக்கிறது. வந்தது தண்ணீர் இல்லை, கொதிக்கிற ரசம். கதவுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் கேட்டது. சம்பந்தியின் குரல். என்னிடம் நேரே.

"மாஸ்டர்! எங்கட ஊரில பச்சைத்தண்ணி பிள்ளை பெத்தவைக்கு மட்டும்தான்!"

பிறகு வீடே அதிர்கிற மாதிரி ஒரு சிரிப்பு. நானும் உள்ளே சோப்பும் கையுமாக நின்று சிரித்தேன். அப்படிச் சிரித்து எவ்வளவு நாள்!

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். காரியம் கைகூடிய மாதிரிதான். அடுத்த பஸ்ஸில் மகளோடு ஊருக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் வேப்பமரத்தடியில் அவர் எனக்குக் கதிரையை இழுத்துப் போட்டபோது, எனக்கு உட்கார முடியவில்லை. அவர் என்னை மன்னித்தது ஒரு முரட்டு விளையாட்டுக்கு. நான் செய்ததோ பொய்.

"சம்பந்தி, அன்னைக்கு நான் சொன்னது வெளையாட்டு இல்ல. பொய். அன்னைக்குக் காலையில நான் சுடுதண்ணியிலதான் குளிச்சேன். எங்க ஊர்ல எல்லாருமே அப்படித்தான். தை மாசத்துல யாரும் பீலிக்குப் போகமாட்டாங்க."

அவர் சிரிப்பு நின்றது.

"ஒருத்தரும் போறேல்லையோ?"

"இல்லீங்க."

கதிரையின் முதுகிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "உங்கட ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தான் குளிக்கிறவை எண்டு நம்பித்தானே போனனான்" என்றார். "என்ர பிள்ளை பொம்பிளை எடுக்கிற ஊர். தகப்பனுக்குத் தென்பு காணாது எண்டு ஆரும் அவனைச் சொல்லப்படாது எண்டு..."

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

"ஏம்பா?" என்றாள் வாணி. "அவருதான் சிரிச்சிட்டாருல்ல? இப்ப எதுக்கு இதச் சொன்னீங்க?"

"சிரிச்சதாலதாம்மா சொன்னேன்."

"ஒங்கள வச்சிக்கிட்டு..." என்று தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

பொழுது சாயும் நேரம் அவர் திரும்பி வந்தார். கை கால் கழுவி, என் முன்னால் உட்கார்ந்தார்.

"சம்பந்தி" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்பது அதுதான் முதல் தடவை. "தாலி கட்டேக்க அவன் அழுதவன் எண்டு ஒராள் சொல்லுது. நடுங்கினவன் எண்டு இன்னொராள். நான் வீடியோகூடப் பாக்கேல்ல. பாக்க மனம் வரேல்ல. நீங்கள் பக்கத்தில நிண்டனீங்கள்தானே? என்ன நடந்தது? சொல்லுங்கோ."

சொன்னேன்.

அழவில்லை, நடுங்கினான். மேலுடம்பில் சால்வை மட்டும், அதுவும் தை மாதக் காலையில்! விரல்கள் விறைத்துவிட்டன. முடிச்சு விழவில்லை. ஒரு தடவை நழுவியது. மறுபடி நழுவியது. வாணி தலையைக் குனிந்தபடியே, "மெதுவாக் கட்டுங்க, நான் எங்கயும் ஓடிப்போக மாட்டேன்" என்றாள். பின்னால் நின்ற எனக்கே கேட்டது. ஐயர் பார்த்தார். "தம்பி, கையக் கொஞ்சம் ஓமத்துல காட்டுங்க" என்றார். சுதன் இரண்டு கையையும் தீயில் காட்டிச் சூடேற்றி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, முடிச்சைப் போட்டான்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். எங்கள் ஆட்கள் அதை வடக்கத்திச் சடங்கு என்று நினைத்தார்கள். அவர்கள் ஆட்கள் அதை மலைநாட்டுச் சடங்கு என்று நினைத்தார்கள். தாலி ஏறியதும் இரண்டு பக்கமும் பக்தியோடு வரிசையில் வந்து, ஒவ்வொருவராக ஓமத்தில் கையைக் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். வேன் சீட்டு உறை போர்த்தியவர் இரண்டு தடவை வந்தார்!

சம்பந்தி சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "இதைப் பாக்காமல் கம்பளிக்குள்ள கிடந்திட்டனே!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணீரில் சிரிப்பு எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. மற்றதை என்னால் திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

"தம்பி, அந்த வீடியோவைப் போடு!"

போட்டார்கள். அந்த இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லி, டிவிக்குக் கிட்டப் போய் விரலால் தொட்டுக் காட்டினார்.

"இஞ்ச பாருங்கோ, வரிசையில ஆர் முதலாவதா நிக்கிறது எண்டு!"

நான்தான். கோட்டும் மப்ளருமாக, இரண்டு கையையும் தீக்குள் விடாத குறையாக...

மறுநாள் காலை அவரே பேச்சை எடுத்தார். "சம்பந்தி, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கோ. நான் மறிக்கேல்ல. ஆனா அவளையும் ஒருக்கா கேளுங்கோ. வயிறு அவளின்ரதானே?"

உண்மையில், அதுவரை யாரும் அவளைக் கேட்கவே இல்லை.

வாணி கொஞ்சம் தயங்கினாள். "அப்பா, கோவிச்சிக்காதீங்க. நான் வரல. போன தடவ வந்தப்பவே எனக்கு அங்க குளிர் தாங்கல. ஒங்ககிட்டச் சொல்லக் கூச்சமா இருந்துச்சு. நான் இங்கயே இருக்கேன். அம்மாவ மட்டும் அனுப்புங்க."

எங்கள் மலையில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு எங்கள் மலை குளிர்கிறதாம்! நான் சம்பந்தியைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். வெற்றிச் சிரிப்பை மறைக்க அவர் பட்ட பாட்டை நான் பாராட்டத்தான் வேண்டும்.

ஆவணியில் பேத்தி பிறந்தாள். கறுத்த, கொழுத்த, நல்ல சத்தக்காரி. உதவிக்குப் போன என் மனைவி இன்னும் திரும்பி வரவில்லை. அந்த வெயிலுக்கு முழங்கால் வலி பறந்துவிட்டதாம். "மார்கழி போகட்டுங்க, தை போகட்டுங்க" என்கிறாள். தைக்குப் பிறகு வேறொன்று சொல்வாள்.

நேற்று சம்பந்தி போன் எடுத்தார். பின்னால் பேத்தியின் வீறிடல், என் மனைவியின் அதட்டல், வாணியின் சிரிப்பு... என் குடும்பம் மொத்தமும் அவர் வீட்டுக்குள் இருந்தது.

"சம்பந்தி, இஞ்ச எல்லாரும் நல்ல சுகம். நீங்கள் வாறியளோ, இல்லாட்டி அங்கயே தனிய இருந்து விறைக்கப் போறியளோ?"

நாளைக் காலை முதல் பஸ் எனக்கு. வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பது என்றுதான் யோசிக்கிறேன்.