மினெகிஷியின் சாவியை அழித்தது யார்

ததெபயாஷி ஊரில் கார்ச் சாவியைத் தொலைத்தவர்கள் மினெகிஷி ஷிகெருவைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்ட மனிதரின் வேனே அன்று காலை கிளம்ப மறுத்தது. சாவி சுலபமாகத் திரும்பியது, எஞ்சின் ஒரு உறுமல் உறுமி அடங்கியது, ஸ்டியரிங்குக்கு எதிரே சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னியது. அந்த விளக்கு என்ன சொல்கிறதென்று அவருக்கா தெரியாது? சாவிக்குள் இருக்கும் சிப்பை வண்டிக்கு அடையாளம் தெரியவில்லை, உட்கார்ந்திருப்பவனைத் திருடன் என்கிறது.

சோதனைக் கருவியை எடுத்து ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினார். பதிவான சாவி ஒன்று என்று திரை காட்டியது. இரண்டு இருக்க வேண்டும், ஒன்று அவருடையது, மற்றது மனைவி கஸுயேயுடையது. எந்த வண்டியும் தானாக ஒரு சாவியைக் கழற்றிவிடாது. யாரோ இதே இருக்கையில் சாவகாசமாக உட்கார்ந்து அவருடைய சாவியை மட்டும் அழித்திருக்கிறார்கள். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

திருடனாக இருந்தால் வண்டியைக் கொண்டுபோயிருப்பான். சாவியை அழித்துவிட்டு வண்டியை வாசலிலேயே விட்டுப்போகும் திருடன் எந்த உலகத்தில் இருக்கிறான்? கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்தவன் யாராக இருக்கும்?

ஒரு காலத்தில் ஸ்டேஷன் வாசலில் ஷூக்களுக்குக் குதிகால் ஒட்டிக்கொண்டே வீட்டுச் சாவி வெட்டிக் கொடுத்தவர் அவர். கார்ச் சாவிக்குள் சிப் வந்தபோது மற்ற சாவிக்காரர்கள் நமக்கு இதெல்லாம் ஒத்துவராது என்று ஒதுங்கிக்கொண்டார்கள். மினெகிஷி பிடிவாதக்காரர். பழைய கார் ஒன்றை வாங்கி, அதைக் கெடுத்துக் கெடுத்தே தொழிலைக் கற்றார். ஒரே ஒரு வேலையை மட்டும் என்ன கொடுத்தாலும் செய்யமாட்டார். வயதான தகப்பன் கார் ஓட்டுவதை நிறுத்த வழி தெரியாத பிள்ளைகள் அவரிடம் ரகசியமாக வருவார்கள். சாவி அப்பா கையிலேயே இருக்கட்டும், வண்டி மட்டும் கிளம்பக் கூடாது, ரிப்பேர் என்று சொல்லிக்கொள்கிறோம் என்பார்கள்.

"பெத்தவன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல உனக்கு வக்கில்ல. அதுக்கு நான் பொய் செஞ்சு தரணுமா?" என்று விரட்டிவிடுவார்.

இப்போது அதே வேலையை அவருக்கே செய்திருக்கிறார்கள். டோக்கியோவில் இருக்கும் மகன் ஒசாமுவின் முகம் மனதில் வந்ததும் கோபம் தலைக்கேறியது. கருவியும் கையுமாகச் சமையலறைக்குள் போனார்.

"உன் மகன் வந்தானா? என் சாவிய அழிச்சிருக்கான்."

கஸுயே மிசோ சூப்பின் அடுப்பை அணைத்தாள். "அவன் வரலைங்க."

"பின்ன யாரு, நீயா? உனக்கு ரேடியோவுல ஸ்டேஷனே மாத்த வராது."

"உக்காருங்க, சொல்றேன்."

"நின்னுக்கிட்டே கேக்குறேன். யாரு?"

"நீங்கதான்."

மினெகிஷி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போய் வேனின் இடது முன்மூலையைக் காட்டினாள். மஞ்சள் பெயிண்ட் கோடாக ஒட்டியிருந்தது.

"போன வாரம், பள்ளிக்கூடத்துக்கிட்ட பிள்ளைங்க ரோடு தாண்ட சுகிமோரி அம்மா மஞ்சக் கொடி பிடிச்சு நிப்பாங்கல்ல, அந்தக் கொடியை இடிச்சுட்டுப் போயிட்டீங்க. மஞ்சப் பெயிண்ட் அடிச்ச கொம்பு ரெண்டா ஒடிஞ்சுபோச்சு. அவங்களுக்குப் பின்னாலேயே சின்னதுங்க வரிசையா நின்னுச்சுங்க. நல்லவேளை, யாருக்கும் ஒண்ணும் ஆகல. நாம ரெண்டு பேரும் இனிப்பு டப்பாவோட போய்த் தலைகுனிஞ்சு மன்னிப்புக் கேட்டோம். வீட்டுக்கு வந்ததும் நீங்களே அந்தக் கருவிய மாட்டி உங்க சாவிய எடுத்துட்டீங்க. நான் ஓட்டினா ஒரு பிள்ளையக் கொன்னுடுவேன்னு அழுதீங்க."

கொடி, பிள்ளைகள், சுகிமோரி அம்மாவின் முகம், தான் அழுதது என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தார். எதுவும் நினைவில் இல்லை. பொய் சொல்கிறாள் என்று ஒரு கணம் நினைத்தார். பெயிண்டை விரலால் தேய்த்தார், அது போகவில்லை.

கருவி கையிலேயே இருந்தது. பத்து நிமிடம் போதும், சாவியைத் திரும்பப் பதிவு செய்துவிடலாம். தடுக்க இந்த ஊரில் ஆளில்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியும். கஸுயே அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கருவியை அணைத்தார்.

"நெல் மில்லுல சாவி செய்யக் காத்திருப்பாங்க," என்றார்.

"ஏறுங்க. நான் ஓட்டறேன்."

எத்தனையோ வருடமாக ஓட்டிய வேனில் முதல்முறையாக இடது பக்கம் ஏறி உட்கார்ந்ததாக மினெகிஷி நினைத்தார். கஸுயே தன் சாவியைச் செருகினாள்.

"நாளைக்கும் நான் இதே மாதிரி வந்து கேட்டா?"

"சொல்றேன்."

"உன்மேல கோவப்பட்டுக் கத்தினா?"

எஞ்சின் கிளம்பியது. கஸுயே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வண்டியைப் பின்னால் எடுத்தாள்.

"நேத்தும் கத்தத்தான் செஞ்சீங்க," என்றாள். "முந்தாநாளும்."