புது செல் வந்த சாயங்காலம்

செஞ்சி டூரிங் டாக்கீஸில் படம் ஓட்டுகிற செபாஸ்தியானுக்கு எல்லாமே அலுத்துவிட்டது. ஆபரேட்டர் அறை என்று பெயர்தான். தகர அடுப்பு அது. கார்பன் குச்சி எரிகிற வெளிச்சத்தில் வெந்து, மெஷின் இரைச்சலோடு மல்லுக்கட்டியே பாதி ஆயுசு போயிற்று. இப்போது படத்தில் சத்தமும் போய்க்கொண்டிருந்தது. ஜனங்கள் "சவுண்டு! சவுண்டு!" என்று விசிலடிக்க, சவுண்டுக் குமிழைக் கடைசி முனைவரைக்கும் திருகிவிட்டார்.

"மெஷின்ல சவுண்டு எடுக்கிற போட்டோ செல்லு போச்சு மொதலாளி," என்றார் கொட்டகைக்காரர் பாண்டுரங்கனிடம். "பிலிம் ஓரத்துல வர்ற லைட்டு செல்லுக்குள்ள ஒரு தகட்டு மேல விழுது. அதும்மேல சீசியம்னு பூச்சு இருக்குது. பூச்சு இருந்தாத்தான் லைட்டு பட்டதும் எலக்ட்ரான் கெளம்பும். அதுதான் கரண்ட்டா ஓடி சவுண்டா வருது. இந்த சூட்டுல பூச்சு கெட்டுப்போச்சு."

"லைட்டுதான் நல்லா எரியுதேய்யா?"

"எவ்ளோ எரிஞ்சா இன்னா? வெறுந்தகட்டுல இந்த லைட்டுக்கு ஒண்ணும் கெளம்பாது."

பாண்டுரங்கன் லேசில் மசிகிற ஆளா? பக்கத்து ஊர் சிங்கவரத்து ஜனங்கள் பாதிப் படத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்ப ஆரம்பித்த பிறகுதான் மெட்ராசிலிருந்து புது செல் வந்தது.

செபாஸ்தியான் அதற்காகத் தவம் கிடந்தார். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் மனைவி மரியசெல்வி பேசுவதும் கொஞ்ச நாளாக அவருக்குக் கம்மியாகத்தான் கேட்டது. "வாய்க்குள்ளயே பேசாதடி!" என்று எரிந்து விழுவார். கெட்ட செல்லின் சத்தத்தையே கேட்டுக் காது மந்தமாகிவிட்டது, செல் மாறினால் காதும் தெளியும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். காது போன ஆபரேட்டரை எவன் வைத்துக்கொள்வான்?

சாயங்கால ஆட்டத்துக்குப் புது செல்லை மாட்டி, குமிழை நடுவில் வைத்தார். படம் ஓடியது. கொட்டகை அடங்கிப் படம் பார்த்தது. ஒருவரும் விசிலடிக்கவில்லை. அவருக்கு மட்டும் அதே மங்கல் சத்தம். கொஞ்சம் திருகினார். இன்னும் கொஞ்சம். ஜன்னல் ஓட்டை வழியே பார்த்தால், ஜனங்கள் காதைப் பொத்திக்கொண்டு அவர் பக்கம் திரும்பிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

குமிழைப் பழைய இடத்துக்குத் திருப்பினார். இனி பழியைப் போட அந்தப் பழைய செல்லும் இல்லை.

இடைவேளையில் மரியசெல்வி தூக்கில் சோறு கொண்டுவந்தாள். அவர் அவள் கையைப் பிடித்தார்.

"நீ வாய்க்குள்ள பேசல புள்ள. எனக்குத்தான் கேக்கல."

அவள் என்னவோ சொன்னாள். அவர் எரிந்து விழவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.